நிராகரிக்கப்படுவதற்கும் ஒரு விண்ணப்பம் வேண்டும்

ஆயக்குடி இலவசப் போட்டித் தேர்வு வகுப்பு முடிந்து, கொய்யாச் சந்தைப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பையன் ஒருவன் கேட்டான்: 'அண்ணே, அரசியலமைப்புல 14லயும் 21லயும் "நபர்"னு இருக்கு. 19ல மட்டும் "குடிமக்கள்"னு இருக்கே, ஏன்?' கொய்யாக் கூடை ஏற்றிக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். மாவட்டத்து முகாம் ஒன்றிலிருந்து கூலி வேலைக்கு வந்திருந்த ஈழத்தமிழர். 'தொண்ணூறில ராமேஸ்வரத்தில வந்து இறங்கினனாங்கள், தம்பி. பேரைக் கேட்டவை, ஊரைக் கேட்டவை. ஏன் ஓடி வந்தனீங்கள் எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை' என்றார்.

பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு யாரையும் திருப்பியனுப்பக் கூடாது என்பது 1951 அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு. அதில் கையெழுத்திட்ட நாடுகளில் விண்ணப்பம், விசாரணை, காரணம் எழுதிய மறுப்பு, அதன்பின் நீதிமன்ற மறு ஆய்வு என்று ஒரு வரிசை உண்டு. அது நியாயத்துக்கு உத்தரவாதம் என்றும் சொல்வதற்கில்லை. பிரிட்டன் 1988 பிப்ரவரியில் ஐந்து தமிழர்களைத் திருப்பியனுப்பியது. அவர்களது அச்சத்துக்கு ஆதாரமுண்டு என்று 1989இல் அங்கேயே மேல்முறையீட்டு அதிகாரி தீர்ப்பளித்தார். ஆனாலும் 1991இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் உரிமை மீறல் எதுவும் இல்லை என்றது; பிரிட்டன் நீதிமன்றங்களின் மறு ஆய்வே போதுமான பரிகாரம் என்றது. மறு ஆய்வு பொதுவாக முடிவெடுத்த முறையைத்தான் பார்க்கும். அச்சம் மெய்யா என்று தானே தீர்மானிக்காது. என்றாலும் படித்துப் பார்க்க அங்கே ஒரு காகிதம் இருந்தது.

இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 1946ஆம் வருஷத்து அயல்நாட்டினர் சட்டத்திலும் சரி, அதன் இடத்துக்கு வந்த 2025ஆம் வருஷத்துச் சட்டத்திலும் சரி, 'அகதி' என்ற தனி வகை கிடையாது. அயல்நாட்டவரை வெளியேற்றும் அரசின் அதிகாரம் வரம்பற்றது என்று 1955இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, நீதிமன்றத்தின் முன் வருவது தஞ்ச மறுப்பு அல்ல, வெறும் 'வெளியேறு'.

எனவே எல்லாம் பையன் கேட்ட அந்த இரண்டு சொற்களில் வந்து நிற்கிறது. 'நபர்' என்று வாசித்த நீதிமன்றங்கள் காப்பாற்றின: இராக்கியர் இருவர் வழக்கில் 1998இல் குஜராத் உயர் நீதிமன்றமும், மியான்மர்க்காரர்கள் வழக்கில் 2021இல் மணிப்பூர் உயர் நீதிமன்றமும் திருப்பியனுப்பாமையை 21இன் கீழ் கொண்டுவந்தன. அதே 2021இல் ரோஹிங்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் 'குடிமகன்' என்று வாசித்தது: நாடு கடத்தப்படாமல் இருக்கும் உரிமை 19ஐச் சார்ந்தது, உரிய நடைமுறையின்றி அனுப்பக் கூடாது, அவ்வளவே. 2025 மே மாதம், தண்டனை முடித்த ஈழத்தமிழர் ஒருவர் ஊர் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்றபோதும் 19தான் பதிலாகக் கிடைத்தது. இந்தியா தர்மசத்திரம் அல்ல என்ற வாசகமும் சேர்ந்து.

1992இல் அகதிகள் 'விருப்பத்துடன்' திரும்புகிறார்களா என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஐ.நா. அகதிகள் ஆணையம் கவனிக்கிறது, நாங்கள் அதற்குள் போக வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். கேட்கும் பொறுப்பு கைமாறியது.

2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து விலக்குத் தரப்பட்டது. நல்லதுதான். ஆனால் விலக்கு சலுகை. தருகிற கை திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

பையனுக்குத் தேர்வுக்கான விடையைச் சொன்னேன். பெரியவர், 'அப்ப நான் நபர்தானே?' என்றார். 'ஆமாங்கய்யா' என்றேன். எந்த நீதிபதி வாசிக்கிறார் என்பதைப் பொறுத்தது அது என்று சொல்ல வாய் வரவில்லை.