கரமனையில் ஒரு தட்டுக்கடை

இரவு பத்து மணிக்கு வேலையை முடித்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு தெருவில் நடந்த அனுபவம் நேயர்களுக்கு உண்டா? இல்லாதவர்கள் பாக்கியசாலிகள். உண்டு என்போர்க்கு நாம் சொல்லப்போகும் செய்தி புதியதன்று. ஆயினும் அவர்களும் இதனை வாசித்துப் பார்க்க வேண்டுகிறோம். ஏனெனில், இது தோசையைப் பற்றிய கட்டுரை போலத் தொடங்கினாலும், நம்முடைய குற்றம் ஒன்றைப் பற்றிய கட்டுரையாகவே முடியும்.

நாம் ரயில்வேயில் எழுத்தர். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டவர். திருவனந்தபுரத்திற்கு மாற்றலாகி வந்தபோது குடும்பத்தை வள்ளியூரிலேயே விட்டுவிட்டு, கரமனையில் ஓர் ஒற்றையறையை வாடகைக்குப் பிடித்தோம். பிற்பகல் முறை வேலையென்றால் நிலையத்தை விட்டு வெளியே வரும்போது மணி பத்தரை ஆகிவிடும். தம்பானூரிலிருந்து மேம்பாலத்தைக் கடந்து, சாலைக் கடைத்தெருவின் முனையைத் தொட்டு, கிள்ளிப்பாலம் வழியாகக் கரமனைக்கு நடை. அந்நேரத்தில் சாலைக் கடைத்தெரு கதவடைத்து உறங்கிக்கொண்டிருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் ராஜா கேசவதாசர் அமைத்த கடைத்தெரு அது. தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகத் தராசு பிடித்த இடம். அங்கே கடை வைத்திருந்துகொண்டே அத்தெருவின் மனிதர்களைக் கதைகளாக்கியவர் எழுத்தாளர் ஆ. மாதவன். 2015ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்று, 2021இல் மறைந்தார். பூட்டிய கடைகளைப் பார்த்துக்கொண்டே நடக்கையில், இவ்வூரில் நம்மவர் காலூன்றியது இன்று நேற்றல்ல என்ற எண்ணம் ஒருவகைத் தெம்பைத் தரும். ஆனால் எண்ணத்தால் வயிறு நிறையுமோ?

வயிற்றை நிரப்பியது கரமனைப் பாலத்திற்குச் சற்று இப்பாலிருந்த ஒரு தட்டுக்கடை. தமிழ்நாட்டில் நாம் கையேந்தி பவன் என்று வேடிக்கையாகச் சொல்வதைத்தான் மலையாள நாட்டில் தட்டுக்கடை என்கிறார்கள். நான்கு சக்கரத்தின்மேல் ஒரு பலகை, அதன்மேல் தகரக் கூரை, ஓர் அடுப்பு, ஓர் அகன்ற தோசைக்கல், உட்காருவதற்கு நான்கைந்து பிளாஸ்டிக் முக்காலிகள். இவ்வளவே கடை. முற்காலத்தில் இக்கடைகளைப் பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொண்டு தொலைவிலிருந்தே அடையாளம் காண்பார்களாம். இப்போது அவ்விடத்தில் மின்கலத்தால் எரியும் வெள்ளை விளக்கு. பெயர்ப்பலகை கிடையாது, விலைப்பட்டியல் கிடையாது, பரிமாறுபவர் என்று தனியாக ஒருவர் கிடையாது. மாலை இருட்டியதும் வந்து நிற்கும் வண்டி, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குத்தான் நகரும்.

கடையை நடத்தியவர்கள் தென்காசிப் பக்கத்துத் தம்பதியர். அண்ணாச்சி மாவு ஊற்றுவார். அக்கா தட்டு எடுத்துக் கொடுத்துக் கணக்குப் பார்ப்பார். ஒரே கல்லில் உள்ளங்கை அகலத்தில் ஆறேழு தோசைகள் ஒன்றாக வேகும். மூடியைத் திறந்தால் ஆவியோடு புளித்த மாவின் மணம் தெருவரை வரும். திருவனந்தபுரத்துத் தட்டுக்கடைக்கே உரிய ரசவடையும் உண்டு. சுட்ட பருப்புவடையைக் காரமான ரசத்தில் ஊறவிட்டது அது. தோசையின்மேல் அதை உடைத்துப் போட்டு, சிவந்த தேங்காய்ச் சம்மந்தியும் ஒரு கரண்டி ஊற்றிக் கொடுப்பார்கள். பருகுவதற்குப் பதிமுகம் போட்டுக் காய்ச்சிய சிவந்த வெந்நீர். வேண்டுவோர்க்கு முட்டையடை, கடைசியாகக் கட்டன் சாயா. நமக்கு நான்கு தோசை, ஒரு ரசவடை, ஒரு கட்டன் சாயா. ஆக மொத்தம் 62 ரூபாய். நம் போன்றோர் மாதம் முழுதும் உண்டாலும் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் குறை விழாது.

முதல் நாள் நாம் சற்றே தயங்கினோம் என்பதை மறைக்கவில்லை. உத்தியோகஸ்தர் ஒருவர் தெருவோரத்தில் முக்காலி போட்டு உண்பதா என்ற வீண் கௌரவம். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போதும், "மெஸ்ஸில் சாப்பிடுகிறேன்" என்றே சொல்லிவந்தோம். ஆனால் அருகில் அமர்ந்திருந்தவர்களைக் கண்டதும் அந்தக் கௌரவம் தானே கரைந்தது. சாலையில் மூட்டை இறக்கிய சுமைதொழிலாளி, மருத்துவமனையில் முறை முடிந்த செவிலிப் பெண், ஆட்டோ ஓட்டுநர்கள், தேர்வுக்குப் படிக்கும் இரு மாணவர்கள். கேரளத்தில் அதிதித் தொழிலாளிகள் என்று மதிப்போடு அழைக்கப்படும் வங்காள, பீகார் இளைஞர்களும் இருந்தனர். அக்கா சுமைதொழிலாளியோடு மலையாளமும், நம்மோடு தென்காசித் தமிழும், அந்த இளைஞர்களோடு கையால் பாதியும் இந்தியால் பாதியுமாகப் பேசுவார். "தம்பி, நாலு போதுமா? இன்னும் ரெண்டு வையிக்கட்டுமா?" என்று கேட்கும்போது, அந்நகரில் நாம் உண்டோமா என்று கவலைப்பட ஒருவர் இருக்கிறார் என்பதை உணர்வோம். வீட்டில் விழித்திருந்து சோறு போட ஆளில்லாதவர்களுக்கு ஏற்பட்ட வீடுதான் தட்டுக்கடை என்பது நமது துணிபு.

இஃது இவ்வூருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் நியூயார்க்கின் கோனி தீவுக் கடற்கரையில், போலந்திலிருந்து குடியேறிய நேதன் ஹேண்ட்வெர்க்கர் என்பவர் 1916ஆம் ஆண்டில் ஒரு சிறு கடை வைத்து, ரொட்டிக்குள் இறைச்சிக் குழலை வைத்து விற்றார். ஹாட் டாக் என்பது அதன் பெயர். மற்றவர் பத்து சென்டுக்கு விற்றதை அவர் ஐந்து சென்டுக்குக் கொடுத்தார். 1921இல் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் தொடங்கிய ஒயிட் காசில் கடையிலும் பர்கர் ஒன்று ஐந்து சென்டுதான். ஆடம்பரத்தை நீக்கிவிட்டு, சூட்டையும் சுவையையும் மட்டும் விற்றமையால் தொழிலாளர்கள் திரண்டனர். பிழைக்க வந்தவன் பிழைக்க வந்தவனுக்குச் சமைத்துப் போடுவது உலகெங்கும் ஒன்றே போலும்.

இனி நமது குற்றத்திற்கு வருவோம்.

ஓர் இரவு, கட்டன் சாயாவைக் கையில் கொடுத்துவிட்டு, அக்கா இடுப்பிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "தம்பி, பகல்ல ஒருத்தர் வந்து குடுத்துட்டுப் போனாரு. எல்லாம் மலையாளமால்லா இருக்கு. என்ன போட்டிருக்குன்னு ஒரு நோட்டம் பாத்துச் சொல்லுதீயளா?" என்றார். பேச்சு மலையாளம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு; எழுத்து மட்டும் தெரியாது. நமக்கோ அலுவலகப் பழக்கத்தால் அவ்வெழுத்து நன்றாகவே படிக்க வரும். ஆனால் அன்று வண்டிகள் தாமதமாகி, கூட்டத்தோடு மல்லாடி, தலைவலியோடு வந்திருந்தோம். காகிதத்தை விரித்து, மேல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, "நாளைக்கு நிதானமாகப் பார்க்கலாம், அக்கா" என்று திருப்பிக் கொடுத்தோம். மறுநாள் நமக்கு முறை மாறிவிட்டது. அடுத்த வாரம் ஊருக்குப் போய்விட்டோம். அக்காவும் மறுபடி கேட்கவில்லை. கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாதென்று நினைத்திருப்பார்.

மூன்று வாரம் கழித்து ஓர் இரவு பாலத்தருகே வந்தபோது வெள்ளை விளக்கைக் காணோம். வண்டி நின்ற இடத்தில் கல் வைத்த கரித்தடம் மட்டும் இருந்தது. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பசியைவிட வேறொன்று வயிற்றைப் பிசைந்தது.

நான்காம் நாள் விசாரித்து, உள்தெருவொன்றில் அவர்களைக் கண்டோம். சாலையோரத்தை ஒழுங்குசெய்ய வந்தவர்கள் வண்டியை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார்களாம். ஆள் நடமாட்டமற்ற அத்தெருவில் மாவில் பாதி மிஞ்சிப் புளித்துக் கிடந்தது. காகிதத்தைக் கேட்டு வாங்கி, முழுதும் படித்தோம். தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுக்கிறோம், இன்ன நாளில் இன்ன சான்றுகளோடு வந்து பெயரைப் பதிந்துகொள்ளுங்கள் என்று அதில் இருந்தது. அந்த நாள் கடந்து பதினொரு நாளாகியிருந்தது.

அக்காவிடம் உள்ளதைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஒங்களுக்கும் ஆயிரம் சோலி இருக்கும்லா தம்பி" என்றார். வைதிருந்தால் தாங்கியிருப்போம்.

மறுநாள் விடுப்பெடுத்து, சட்டம் என்ன சொல்கிறதென்று தேடிப் படித்தோம். நேயர்களுக்கும் பயன்படும் ஆதலால் சுருக்கமாகத் தருகிறோம். தெருவோர வியாபாரிகளின் பிழைப்பைக் காக்க இந்தியப் பாராளுமன்றம் 2014ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி ஒவ்வோர் ஊரிலும் வியாபாரக் குழு ஒன்று அமைய வேண்டும். அக்குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கப்பட்டு இருக்க வேண்டும். அவர்களில் மூன்றிலொரு பங்கு பெண்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அகற்றலாகாது. இடம் மாற்றுவதாயினும் முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளைக் கைப்பற்றினால் பட்டியல் தரவேண்டும். அழுகும் பொருளாயின் கேட்ட அன்றே திருப்பித் தரவேண்டும். கணக்கெடுப்பில் விடுபட்டவரும், அடுத்த கணக்கெடுப்புக்குக் காத்திராமல் இடையிலேயே சான்றிதழ் கோரி விண்ணப்பிக்க வழியுண்டு. இந்தக் கடைசி விதியைக் கண்டபோதுதான் நமக்கு மூச்சு வந்தது.

அன்றிரவு அதே முக்காலியில் அமர்ந்து, தோசைக்கல்லின் வெளிச்சத்தில் விண்ணப்பத்தை எழுதினோம். அண்ணாச்சி பெருவிரலை மையில் தோய்க்கப் போனார். அக்கா தடுத்து, "நீங்க கையெழுத்தே போடுங்க" என்று சொல்லி, தாமும் தமிழில் மெதுவாகப் பெயரெழுதினார். விண்ணப்பத்தைக் கொடுத்து ரசீதும் பெற்றாயிற்று. முடிவு இன்னும் வரவில்லை. வரும்வரை கடை உள்தெருவிலேதான். நாம் அரைக்கல் தூரம் கூடுதலாக நடக்கிறோம். தெரிந்தவர்களையும் அழைத்துச் செல்கிறோம்.

தெருவில் கண்டபடி கடை போடலாம் என்பது நமது வாதமன்று. நடப்பவர்க்கும் வழி வேண்டும். உணவு தூய்மையாயிருக்கவும் வேண்டும். சிங்கப்பூரில் தெருவோர உணவுக் கடைக்காரர்களைத் துரத்திவிடாமல், 1970களிலும் 80களிலும் குழாய்த் தண்ணீரும் உரிமமும் கொடுத்துப் பொது அங்காடிகளில் குடியமர்த்தினார்கள். அந்த உணவங்காடிப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ உலக மரபாகவே ஏற்றது. அங்கும் பல கடைகளில் நம் தமிழரே ரொட்டி வீசுகிறார்கள். ஒழுங்கும் இரக்கமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். விழாவெடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், நல்லதே. அத்துடன் மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், ஒரு மேசையும் பேனாவும் போட்டு உட்காருவோம். எழுத்து தெரியாத நம்மவர் கொண்டுவரும் காகிதத்தை முழுதும் படித்துச் சொல்வோம். முதல் ஞாயிறு உட்கார நாம் ஆயத்தம்.

சென்ற மாதம் மனைவியும் மகளும் வந்திருந்தனர். மெஸ்ஸைக் காட்டுங்கள் என்றாள் மனைவி. உள்தெருவுக்கு அழைத்துச் சென்றோம். மகள் ஆறு தோசை தின்றாள்.