கியர் ஏன் நழுவுகிறது?

கேமரன் மலையில் காய்கறி மூட்டைகளுடன் சரிவில் இறங்கும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பல்சக்கரப் பெட்டி உண்டு. அதுதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். எஞ்சினின் விசையை முன், பின் அச்சுகளுக்கு அது பிரித்துத் தருகிறது. டிஃபெண்டர் வண்டியில் அதன் தாழ் கியர், முறுக்குவிசையை ஏறத்தாழ 3.3 மடங்கு பெருக்கும். சுழற்சி வேகமோ அதே விகிதத்தில் குறையும்.

இறக்கத்தில் இந்தக் கியர் நழுவி நடுநிலைக்கு வந்தால் என்னாகும்? எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பு அறும். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பிரேக் மட்டுமே துணை.

நழுவக் காரணம் என்ன? கியரை நகர்த்தும் தண்டில் ஒரு பள்ளம் உண்டு. ஸ்பிரிங் தள்ளும் சிறு இரும்புக் குண்டு அதில் அமர்ந்து தண்டைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் தளர்ந்தால் பிடி போய்விடும். பற்களின் விளிம்பு தேய்ந்து உருண்டாலும், சுமை அவற்றை விலக்கித் தள்ளும்.

மெக்கானிக் எளியதிலிருந்து தொடங்குவார். முதலில் கியர் கம்பியின் இணைப்பைச் சரிபார்ப்பார். கியர் பாதி மட்டும் விழுந்தால் நழுவத்தான் செய்யும். அடுத்து ஸ்பிரிங்கையும் குண்டையும் மாற்றுவார். அப்போதும் நழுவினால்தான் பெட்டியைப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்ற வேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள், மாணவர்களே! இந்தப் பெட்டி நடுநிலையில் இருந்தால், முதல் கியரில் நிறுத்திய வண்டியும் சரிவில் உருளும். கைப்பிரேக் போடாமல் யாரும் இறங்கக் கூடாது.