கூப்பிட்ட குரலுக்கு வரும் பைக்காரா

ஊட்டியிலிருந்து கூடலூர் போகிறவர்கள் பைக்காராவில் இறங்கிப் படகு ஏறுவார்கள். அருவியைப் படம் பிடிப்பார்கள். அந்தத் தண்ணீர் செய்யும் வேலை மட்டும் யார் கண்ணிலும் படாது. கிளன்மார்கனில் இரும்புக் குழாய்களுக்குள் நுழைந்து, 3,000 அடிக்கு மேல் சரிந்து, மலையடியில் சிங்காரா மின்நிலையத்துப் பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களை அறைகிறது அது.

1932-ல் சுழலத் தொடங்கிய நிலையம் இது. கோவையில் பஞ்சாலைகள் பெருகியதற்குப் பருத்தியைப் போலவே பைக்காரா கரண்டும் காரணம்.

இன்று அதன் திறன் சுமார் 59 மெகாவாட். தமிழ்நாட்டின் உச்சத் தேவையோ 2024 கோடையிலேயே 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆயிரத்தில் மூன்று பங்குகூட இல்லாத இந்தக் கிழட்டு நிலையம் எதற்கு?

அவசரத்துக்கு. அனல் மின்நிலையத்தில் ஆறிப்போன கொதிகலனை மூட்டி முழு உற்பத்திக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் பிடிக்கும். இங்கே வால்வைத் திறந்தால் சில நிமிடங்கள் போதும். சாயங்காலம் சூரிய மின்சாரம் ஓயும். அதே நேரத்தில் வீட்டுக்கு வீடு விளக்கு எரியும், மிக்ஸி ஓடும். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று சொல்லாமல் கொள்ளாமல் படுத்துவிடும். தேவை கூடி உற்பத்தி குறைந்தால் 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அதிர்வெண் சரியும். 2013 டிசம்பர் 31-ல் தென்மாநில மின்கட்டமைப்பு தேசியக் கட்டமைப்போடு இணைந்தபின், அந்த அதிர்வெண் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். அதைத் தூக்கி நிறுத்த உடனே கை கொடுப்பது தண்ணீர். மொத்தக் கட்டமைப்பும் இருண்டு போனாலும், வெளி மின்சாரத்தை அதிகம் எதிர்பாராமல் முதலில் எழுந்து மற்ற நிலையங்களை எழுப்பக்கூடியவை நீர்மின் நிலையங்களே. யூனிட் கணக்கை மட்டும் பார்த்து இவற்றை எடைபோடுவது தவறு.

குறை இல்லாமல் இல்லை. மழை பொய்த்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மசினகுடிப் பக்கம் குழாய்களும் கால்வாயும் யானைகளின் வழியை மறிக்கின்றன. இதற்கு மின்வாரியம் பதில் சொல்லியாக வேண்டும்.

சிங்காராவை விட்ட தண்ணீர் மரவகண்டியில் ஒரு சின்னஞ்சிறு நிலையத்தையும், மாயாற்றில் 36 மெகாவாட் நிலையத்தையும் சுழற்றிவிட்டுப் பவானிசாகர் சேர்கிறது. அங்கேயும் அணையடியில் ஒரு மின்நிலையம் இருக்கிறது.