கரகம் யாருடையது? ஆனேக்கல் திருவிழாவை வைத்து ஒரு மரபின் ஊற்றைத் தேடுவது எப்படி?

சந்தாபுரா, பொம்மசந்திரா, ஜிகனி, அத்திபெலே. ஐ.டி. வேலைக்கோ தொழிற்சாலை வேலைக்கோ தமிழ்நாட்டிலிருந்து பெங்களூரு வந்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் அத்துப்படி. இவை எல்லாமே ஆனேக்கல் தாலுகாவில் இருக்கின்றன. நீங்களும் இந்தப் பக்கம் வீடு எடுத்துத் தங்கியிருந்தால், கோடை தொடங்கும்போது ஒரு வார்த்தை அடிக்கடி காதில் விழுந்திருக்கும்: கரகா.

மல்லிகைப் பூவால் கோபுரம்போல் அலங்கரித்த கரகத்தைத் தலையில் சுமந்தபடி, புடவையும் வளையலும் அணிந்த பூசாரி இரவு முழுக்க ஊரைச் சுற்றி வருவார். உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சூழ்ந்து வருவார்கள். பெங்களூருவில் இதற்கு மையம் திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயில். ஆனேக்கலிலும் தர்மராயசுவாமி கோயில் உண்டு, கரகமும் உண்டு. கரகத்தில் வருவது திரௌபதி அம்மன் என்பது நம்பிக்கை.

பார்த்ததும் நமக்கு வருகிற முதல் எண்ணம்: "இது நம்ம ஊர் கரகமாச்சே!" பக்கத்தில் நிற்கும் கன்னட நண்பர் "இது பெங்களூரோட அடையாளம்" என்பார். இதில் யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஏன் என்று புரிய வேண்டுமானால், 'இது எங்கிருந்து வந்தது' என்ற ஒரே கேள்வியை நான்காகப் பிரித்துக் கேட்க வேண்டும். சொல் எங்கிருந்து வந்தது? கதை எங்கிருந்து வந்தது? மக்கள் எங்கிருந்து வந்தார்கள்? சடங்கு எங்கே இந்த உருவம் எடுத்தது? நான்குக்கும் ஒரே பதில் கிடைக்காது.

சொல் எங்கிருந்து வந்தது?

'கரகம்' தமிழில் பழைய சொல். தொல்காப்பியத்தின் மரபியல், அந்தணர் கையில் வைத்திருக்கும் பொருள்களில் ஒன்றாகக் கரகத்தைச் சொல்கிறது. அங்கே அது நீர் வைத்துக்கொள்ளும் கலம்தான். தலையில் வைத்து ஆடும் கரகம் பற்றி அங்கே பேச்சில்லை.

சமஸ்கிருதத்திலும் 'கரக' என்றால் நீர்க்கலம். கன்னடத்தில் 'கரக' என்ற சொல் இன்று நேராகத் திருவிழாவையே குறிக்கிறது. தமிழ்நாட்டில் கோயிலுக்கு எடுக்கும் சக்திக் கரகம் வேறு, மேடையில் ஆடும் ஆட்டக் கரகம் வேறு. கரகம் என்றதும் நம்மில் பலருக்கு ராமராஜன் படம் நினைவுக்கு வருவது இந்த இரண்டாவது வகையால்தான். ஆனேக்கலில் நீங்கள் பார்ப்பது முதல் வகைக்கு நெருக்கமானது.

ஆகவே, சொல்லை மட்டும் வைத்து யாரும் பட்டா போட முடியாது. நீர் நிரம்பிய கலத்தைத் தெய்வமாக வைத்து வணங்குவது இந்தியாவில் பல பகுதிகளில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் வைத்த கலசமும் அந்த வகைதான்.

கதை எங்கிருந்து வந்தது?

திரௌபதி மகாபாரதத்தில் வருகிறாள், வேள்வித் தீயில் பிறக்கிறாள். அதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவளை ஊர்க் காவல் தெய்வமாக வைத்துக் கும்பிடும் வழக்கத்துக்கு சமஸ்கிருத மகாபாரதத்தை மட்டும் படித்தால் விடை கிடைக்காது.

பெங்களூருவில் சொல்லப்படும் கதை இது. போருக்குப் பிறகு ஓர் அசுரனை அழிக்க திரௌபதி சக்தி வடிவம் எடுத்தாள். அப்போது தன் உடலிலிருந்து வீரகுமாரர்களை உருவாக்கினாள். அவள் விடைபெறும்போது அவர்கள் போகவிடாமல் தடுத்தார்கள். 'ஆண்டுக்கு ஒருமுறை வருவேன்' என்று வாக்குக் கொடுத்தாள். அந்த வருகைதான் கரகம்.

தமிழ்நாட்டுப் பக்கம் இதே அம்மனுக்கு வேறு வடிவத்தில் விழா நடக்கிறது. பாரதம் படிப்பார்கள், இரவில் தெருக்கூத்து நடக்கும். பிறகு படுகளம், கடைசியில் தீமிதி. நம் வடமாவட்டங்களில் பல திரௌபதி அம்மன் கோயில்களைத் 'தர்மராஜா கோயில்' என்றே அழைப்பார்கள். பெங்களூரு, ஆனேக்கல் கோயில்களின் பெயர் தர்மராயசுவாமி கோயில். இரண்டு பெயருமே தருமரைத்தான் குறிக்கின்றன.

அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்ட்டல் இந்த வழிபாட்டைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். முதல் தொகுதி 1988-லும் இரண்டாவது 1991-லும் வெளியாயின. திரௌபதி வழிபாட்டின் மையம் செஞ்சி வட்டாரம் என்பது அவருடைய வாதம். செஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள மேலச்சேரி கோயிலுக்கு அதில் முக்கிய இடம் உண்டு.

அதற்கும் முன்னே போனால்? 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்த பல்லவர்களின் கூரம் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. மகாபாரதம் தமிழில் ஆக்கப்பட்டதைப் பாண்டியர்களின் சின்னமனூர்ச் செப்பேடு பெருமையாகப் பதிவு செய்கிறது. கன்னடமும் சளைத்ததல்ல. பம்பர் 10-ம் நூற்றாண்டிலும் குமாரவியாசர் 15-ம் நூற்றாண்டிலும் பாரதத்தைக் கன்னடத்தில் பாடினார்கள். கதையைக் கேட்டு வளர்ந்ததில் இரண்டு மொழியும் சமம். அதில் திரௌபதியை அம்மனாக்கிய வழக்கம் வலுவாக வேர்விட்டது வட தமிழகத்தில் என்று சொல்லலாம்.

மக்கள் எங்கிருந்து வந்தார்கள்?

பெங்களூரு கரகத்தை நடத்துபவர்கள் திகளர் சமூகத்தினர். பூ, காய்கறித் தோட்ட வேலைக்குப் பேர் போனவர்கள். பழைய கன்னட வழக்கில் 'திகள' என்றாலே தமிழர் என்றுதான் பொருள். இவர்களில் பெரும்பகுதியினர் தங்களை வன்னிகுல க்ஷத்திரியர் என்று சொல்கிறார்கள். வன்னி என்றால் நெருப்பு. தீயில் பிறந்த திரௌபதி அவர்களுக்குக் குலதெய்வமாக இருப்பதன் பொருத்தம் இப்போது புரியும்.

அவர்கள் எப்போது வந்தார்கள் என்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் உண்டு. ஹைதர் அலி 1760-ல் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தோடு இணைத்துச் சொல்பவர்கள் உண்டு. அதற்கும் முன்பே, கெம்பேகவுடா 16-ம் நூற்றாண்டில் பேட்டையை உருவாக்கியபோதே இருந்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. 'வந்தார்கள்' என்ற சொல்லே இன்றைய எல்லைக்கோட்டை மனதில் வைத்துச் சொல்வது. 11-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பகுதி சோழர் கையில் இருந்தது. 12-ம் நூற்றாண்டில் ஹொய்சளர் பிடித்தார்கள். அந்த ஹொய்சளர்களில் ஒரு கிளையே பிறகு திருச்சிக்குப் பக்கத்தில் கண்ணனூரிலிருந்து ஆண்டது. பெங்களூரு தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பேகூரில் 9-ம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு 'பெங்களூரு' என்ற பெயரையே சொல்கிறது. இரண்டு மொழியும் இந்த மண்ணில் நெடுங்காலமாக அக்கம்பக்கத்தில் இருந்திருக்கின்றன.

அப்போ ஓசூர் தமிழ்நாட்டுக்கும் ஆனேக்கல் கர்நாடகத்துக்கும் எப்படிப் போயின? 1792, 1799-ல் முடிந்த மைசூர்ப் போர்களுக்குப் பிறகு ஓசூர் பகுதி ஆங்கிலேயர் கைக்குப் போய் சேலம் மாவட்டத்தில் சேர்ந்தது. ஆனேக்கல் மைசூர் சமஸ்தானத்திலேயே நின்றது. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோதும் அந்தக் கோடு நிலைத்தது. அத்திபெலே சுங்கச்சாவடியில் நீங்கள் கடக்கும் எல்லைக்கு வயது இருநூற்றுச் சொச்சம்தான். அம்மனும் அவளைச் சுமந்தவர்களும் அந்தக் கோட்டுக்கு மூத்தவர்கள்.

சடங்கு எங்கே இந்த உருவம் எடுத்தது?

நான்காவது கேள்விக்கு வருவோம். சொல், கதை, மக்கள் மூன்றிலும் தமிழ்த் தொடர்பு இருக்கிறது. அதனால் 'கரகம் தமிழ்நாட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டு போனது' என்று முடித்துவிடலாமா? முடியாது.

செஞ்சிப் பக்கம் விழாவின் உச்சம் தீமிதி. இங்கே உச்சம் கரகத்தின் இரவு ஊர்வலம். வாள் ஏந்திய வீரகுமாரர்கள் இந்த அளவுக்கு முன்னால் நிற்பது இந்த வட்டாரத்தின் தனித்தன்மை. பெங்களூரு கரகம் காட்டன்பேட்டையில் உள்ள ஹஸ்ரத் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குப் போய் மரியாதை செலுத்திவிட்டுத்தான் போகும். இதற்கு ஒப்பான ஒன்று செஞ்சி மரபிலும் இருக்கிறது. அங்கே திரௌபதி கோயிலின் காவல் தெய்வங்களில் ஒருவர் முத்தால ராவுத்தன், ஒரு முஸ்லிம் வீரர். இன்னொரு காவலரான போத்துராஜா தெலுங்கு நாட்டு அம்மன் கோயில்களிலும் உண்டு. ஒரே கோயில் வாசலில் எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள் பாருங்க.

நாட்காட்டியும் மாறியிருக்கிறது. பெங்களூரு கரகம் சைத்ர பௌர்ணமியில் நடக்கும். இங்கே சந்திரமானக் கணக்கு, நமக்குச் சூரியமானம். 2024-ல் இரண்டும் ஒரே நாளில் வந்தன: ஏப்ரல் 23, பெங்களூருவில் கரகம், மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கினார். 2025-ல் கரகம் ஏப்ரல் 12-லேயே முடிந்துவிட்டது. தமிழ்க் கணக்கில் அது இன்னும் பங்குனி. நம் சித்ரா பௌர்ணமி மே 12-ல்தான் வந்தது. தமிழ் வேர் உள்ள சமூகம், கன்னட நாட்டுக் கணக்குப்படி தன் அம்மனை அழைக்கிறது. ஒரு மரபு ஊரோடு ஒட்டிப்போவது இப்படித்தான்.

நிலமும் சடங்குக்குள் வந்திருக்கிறது. கரகம் நீர்நிலையில் பிறக்கிறது. பெங்களூருவில் அதற்கான ஏரிகளில் ஒன்று சம்பங்கி ஏரி. இன்று அந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. ஏரியில் மிச்சமிருப்பது ஒரு சின்னக் குளம். அங்கே கரகச் சடங்கு இன்னும் நடக்கிறது. நகரம் மறந்துபோன ஏரியைச் சடங்கு ஆண்டுதோறும் நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறது.

இதே அம்மன் கடலும் தாண்டியிருக்கிறாள். இலங்கையின் உடப்பு கிராமத்தில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி நடக்கிறது. சிங்கப்பூரில் 1827-ல் தொடங்கிய மாரியம்மன் கோயிலில் தீபாவளிக்கு முன்பு நடக்கும் தீமிதியும் திரௌபதிக்குத்தான். ஓர் இடத்தில் நெருப்பு முன்னால் வருகிறது, இன்னோர் இடத்தில் பூக்கரகம். போன இடத்தின் வேலை, நிலம், அக்கம்பக்கத்தார் எல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்திருக்கின்றன.

இது ஏன் உங்களுக்கு முக்கியம்?

2025 மே மாதம் 'தக் லைஃப்' விழாவில் கமல்ஹாசன், தமிழிலிருந்து கன்னடம் பிறந்தது என்று சொன்னது நினைவிருக்கும். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது, படம் கர்நாடகத்தில் வெளியாகவில்லை. மொழியியல் சொல்வது வேறு: தமிழும் கன்னடமும் ஒரே மூல மொழியிலிருந்து பிரிந்த உடன்பிறப்புகள். ஒன்று இன்னொன்றுக்குத் தாய் இல்லை.

அந்தச் சண்டையில் சூடு ஏறியதற்குக் காரணம் வரலாறு மட்டும் இல்லை. 'எங்களிடமிருந்து வந்தது' என்ற பேச்சு, 'ஆகவே அது எங்களுடையது' என்று எதிராளி காதில் விழுகிறது. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இதே வேலையை ஒரு ஃபார்வர்ட் செய்துவிடும். மறுநாள் அதே டீமோடு உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்.

இதில் அதிகம் இழப்பவர்கள் நடுவில் நிற்பவர்கள். வீட்டில் தமிழ் கலந்து பேசி, பள்ளியில் கன்னடம் படித்து, தலைமுறை தலைமுறையாகக் கரகம் சுமக்கும் குடும்பங்களை 'நீங்கள் எந்தப் பக்கம்' என்று கேட்பது நியாயமில்லை. இந்த மரபை இத்தனை காலம் உயிரோடு வைத்திருப்பது அவர்களுடைய விரதமும் உழைப்பும்.

அடுத்த தடவை ஒரு மரபைப் பற்றி 'இது முதலில் எங்களோடது' என்று ஒரு பதிவு வந்தால், ஷேர் செய்வதற்கு முன் அந்த நான்கு கேள்விகளையும் ஒருமுறை கேட்டுப் பாருங்க. சொல், கதை, மக்கள், சடங்கு: இதில் எதைப் பற்றி அந்தப் பதிவு பேசுகிறது? ஒன்றுக்குக் கிடைத்த பதிலை மற்ற மூன்றுக்கும் ஒட்டுகிறதா? பெரும்பாலான சண்டை அந்த ஒட்டுவேலையில்தான் தொடங்குகிறது.

வாய்ப்புக் கிடைத்தால் ஆனேக்கல் கரகத்தை நேரில் போய்ப் பாருங்கள். தேதியைத் தமிழ் காலண்டரில் தேட வேண்டாம், பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரிடம் கேளுங்கள். கோயில் வாசலில் பூக்கட்டும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அவர்கள் வீட்டுப் பேச்சில் தமிழும் கன்னடமும் எங்கே பிரிகின்றன என்று கண்டுபிடிப்பது கஷ்டம்தான்.