மழை விட்ட மாலையில் ஈசல்

முதல் மழை பெய்து மண் இளகியதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். என் பாட்டி புற்றருகே சிறு குழி தோண்டி, பக்கத்தில் விளக்கு வைப்பார். வெளிச்சத்துக்கு வருபவை குழியில் விழும். மறுநாள் வெயிலில் காயவைத்து முறத்தில் புடைத்தால் இறக்கை உதிர்ந்து பறந்துவிடும். அரிசியோடு சேர்த்து வறுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, பொட்டுக்கடலை கலந்து கையில் கொடுப்பார். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அவசியமே இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

நம் பழைய உணவு

பாரியின் நாட்டு வளத்தைப் பாடும் கபிலர், புற்றீசலைப் புளித்த மோரோடு சமைத்ததைச் சொல்கிறார் (புறநானூறு 119). இருளர் மக்கள் இன்றும் ஈசல் பிடிக்கிறார்கள். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் செவ்வெறும்பை அரைத்துச் செய்யும் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடே கிடைத்தது. அதே ஆண்டு ஜூலையில் சிங்கப்பூர் அரசு வெட்டுக்கிளி, பட்டுப்புழு உட்பட 16 வகைப் பூச்சிகளை உணவாக விற்க அனுமதித்தது.

உள்ளே என்ன இருக்கிறது?

ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான்தான். புற்றைவிட்டுப் பறக்கும் அது, தரையிறங்கி இணை சேர்ந்து புதிய குடியைத் தொடங்க வேண்டும். முதல் வேலைக்காரக் கரையான்கள் வளரும்வரை அந்த இணைக்கு இரை தேடிக் கொடுக்க ஆளில்லை. உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் கொழுப்புதான் அதுவரை சோறு. அதனால்தான் எண்ணெயே விடாமல் வறுத்தாலும் சட்டி மினுமினுக்கிறது. புரதமும் கொழுப்பும் இரண்டுமே ஏராளம். இரும்பு, துத்தநாகச் சத்துகளும் உண்டு. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தருவதால் ஒரு கைப்பிடிக்கு மேல் தேவையில்லை.

பட்டு நூற்றபின் மிஞ்சும் கூட்டுப்புழுவை நம் பக்கம் கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக்கிவிடுகிறோம். காய்ந்த புழுவின் எடையில் பாதியளவு புரதம். அசாமில் எரிப்பட்டுப் புழுவை விரும்பிச் சாப்பிடுகிறார்கள்.

விளம்பரங்களில் வரும் புரத எண்களை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். ஆய்வகத்தில் பெரும்பாலும் நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கிப் புரதக் கணக்குச் சொல்கிறார்கள். பூச்சியின் மேலோட்டிலுள்ள கைட்டினிலும் நைட்ரஜன் இருப்பதால் கணக்கு கொஞ்சம் கூடிவிடும். அப்படிக் குறைத்துப் பார்த்தாலும் நல்ல உணவுதான். ஆனால் சர்க்கரையைத் தீர்க்கும், மூட்டுவலியைப் போக்கும் என்று யாராவது பொடி விற்றால் வாங்காதீர்கள்.

யார் தொடக்கூடாது?

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் பூச்சியைத் தொடவே வேண்டாம். இறாலில் ஒவ்வாமையைத் தூண்டும் ட்ரோப்போமயோசின் என்ற புரதம் பூச்சிகளிலும் இருக்கிறது. வறுத்தாலும் அதன் வீரியம் போவதில்லை. உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டுத் தூசியே ஒத்துக்கொள்ளாதவர்களும் மருத்துவரைக் கேட்டபிறகே சாப்பிடலாம்.

எங்கே பிடித்தது, எப்படி வைத்தது?

கரையான் மருந்து ஊற்றிய புற்று, பூச்சிமருந்து அடித்த வயல் வரப்பு, வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டிய மண் ஆகிய இடங்களில் கிளம்பும் ஈசல் வேண்டவே வேண்டாம். தெருவிளக்கின் கீழே குவிந்து கிடப்பதையும் அள்ளாதீர்கள். எந்தப் புற்றிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

பிடித்ததைப் பச்சையாகப் பையில் கட்டி வைப்பதுதான் பெரிய ஆபத்து. கென்யாவில் பிளாஸ்டிக் பையில் பல நாள் அடைத்து வைத்திருந்த கரையானைத் தின்றவர்கள் பாட்டுலிசம் என்ற கொடிய நோயால் இறந்திருக்கிறார்கள். காற்றுப் புகாத ஈரத்தில்தான் அதை உண்டாக்கும் கிருமி பெருகும். பாட்டி மறுநாளே பரப்பிக் காயவைத்ததன் அருமை இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. வறுத்ததையும் ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள். கொழுப்பு மிகுந்த பண்டம் என்பதால் சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.