தவளை, தேரை, நுணல்: உறுப்பமைதியும் சொல்வழக்கும்

திருச்சிராப்பள்ளிப் புத்தூரில் உய்யக்கொண்டான் கால்வாயை அடுத்து வாழ்வார்க்கு ஐப்பசி மழையிரவு தவளையொலியின்றிக் கழிவதில்லை. அத்தகையதோர் இரவில், உயிரியல் பயிலத் தொடங்கிய மாணவனொருவன், "ஐயா, தவளையும் தேரையும் ஒன்றா, வேறா?" என வினவினான். அகராதியைக் கொண்டு விடைகூறப் புகுந்து இடர்ப்பட்டோம். நுணலுக்குத் தவளையென்றும், தேரைக்குத் தவளைவகையென்றும் கூறியமையும் உரை அவனுக்குப் போதாது. விலங்கியல் வகுப்புகளில் அறுத்துக் காணும் பயிற்சியைக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக்குழு 2014இல் அறிவுறுத்திய பின்னர், மாணவன் உறுப்புகளைப் படத்தாலும் சொல்லாலுமே அறிகின்றான். சொல் பிழைப்பின் பொருளும் பிழைக்கும்.

வயல்வாழ் பெருந்தவளையின் தோல் ஈரமும் வழவழப்பும் உடையது. மேல்தாடையிற் சிறுபற்கள் உள, கீழ்த்தாடையில் இல்லை. பாடநூல்கள் தேரையெனவும், ஊரார் சொறித்தவளையெனவும் வழங்கும் உயிருக்கோ இரு தாடையிலும் பல்லில்லை. அதன் தோல் உலர்ந்து கரடுமுரடாயிருக்கும். கண்களின் பின்னே நச்சுநீர் சுரக்கும் தடித்த சுரப்பிகள் இரண்டு உள. நாவின் அடி வாயின் முன்புறத்தே ஒட்டியிருத்தலும், நெஞ்சம் மூன்றறை உடைத்தாதலும் இரண்டற்கும் பொது.

தவளையின் பின்கால் தனித்து நோக்கத்தக்கது. தொடையும் கணைக்காலுமேயன்றிக் கணுக்காலின் எலும்பு இரண்டும் நீண்டு மூன்றாவதொரு பகுதிபோல் அமைந்துள்ளன. முதுகில் முள்ளெலும்புகள் ஒன்பதே; அவற்றின் பின்னர் ஒரே கோலாய் இணைந்த எலும்பொன்று உளது. மடிந்து கிடந்த கால் ஒருங்கே நிமிர, உடல் இடைநிலந் தொடாது சென்று வீழும். இடைநின்ற சூத்திரங்களைக் கடந்து அப்பாலுள்ளதனோடு இயையும் சூத்திரநிலையை நன்னூலார் தவளைப் பாய்த்து என்றது இவ்வியல்பு கண்டே போலும். குறுங்காலால் சிறிது சிறிதே தத்தும் சொறித்தவளை இவ்வுவமைக்கு உதவாது.

இனி நுணல். மணலுள் மறைந்துகிடப்பினும் தன் வாயாற் கெடுவது அதுவென்று பழமொழி நானூறு கூறும். மண்ணிற் புதையும் தவளையினங்களுக்குப் பின்னடியில் மண்வெட்டியின் அலகு போன்ற வன்மையான புடைப்பொன்று உண்டு. அதனால் தோண்டிப் பின்புறமாகவே உள்ளிறங்கும். ஆயின் அவை ஒலிப்பது வாய்திறந்தன்று. வாயும் மூக்கும் மூடியிருக்க, நுரையீரற் காற்றுக் குரல்நாண்களை அதிரச்செய்து வாயினுட் புகுந்து, தொண்டைப்புறத்துப் பையை உப்பச்செய்யும். இங்ஙனம் துணையை அழைப்பது பெரும்பாலும் ஆணே. எனவே நுணலைக் காட்டிக்கொடுப்பது வாயன்று, குரற்பையே. பழமொழியை இதுகொண்டு குறைகூறல் வேண்டா. மறைந்ததை ஒலி காட்டும் என்பதே அதன் கருத்து.

ஐங்குறுநூற்று 468ஆம் பாடலிற் பேயனார் கார்தொடக்கத்து நுணலொலியையும் தேரையொலியையும் தனித்தனியே கூறுதலின், அவை ஒருபொருட் பன்மொழி ஆகா. எனினும் அத்தேரை இன்றைய பாடநூல் தேரைதான் எனத் துணிதற்கு இடமில்லை. குறுந்தொகை 193ஆம் பாடலின் சுனைத்தேரை அகன்ற வாயுடையது. அஃது இவ்வினம் அனைத்திற்கும் பொது. ஊர்வழக்கிலோ வீட்டுச் சுவரில் தாவும் சிறுதவளையும் தேரையே. பல்லும் சுரப்பியும் பாடலிற் கூறப்படாமையின், சங்கத்தேரைக்கு உரையெழுதுவோர் 'தவளையினத்துள் ஒன்று' என்னும் அளவில் நிற்றலே தகும். மாணவனுக்கு யாம் கூறிய விடை வேறு: பாடநூலில் இரண்டும் வேறு, பல்லை நோக்கி அறிக.