எண்பது சதவீதம்... எதில் எண்பது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மாம்பலத்திலிருந்து ஓர் அம்மா என் மயிலாப்பூர் கிளினிக்குக்கு வந்திருந்தார். கையில் பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு துண்டுக் காகிதம். அவர் பேரனுக்கு எட்டு வயது. தாலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றுகிறார்கள்.

"டாக்டர், ஜீன் எடிட்டிங்னு ஒண்ணு வந்திருக்காமே... எண்பது பர்சென்ட் வெற்றின்னு போட்டிருக்கு. அடையாறு ஃப்ளாட்டை வித்துடலாம்னு பையன் சொல்றான். நீங்க என்ன சொல்றீங்க?"

காகிதத்தை வாங்கிப் படித்தேன். செய்தியில் பொய் இல்லை. ஆனால் அந்த எண்பது, குணமான நோயாளிகளின் கணக்கு அல்ல. சோதனைச்சாலையில் செல்களுக்குள் எண்ணிய கணக்கு! இரண்டும் வேறு வேறு.

'சித்த மருத்துவருக்கு இதில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் பற்பம் செய்தால், புடம் போட்டு எடுத்த கையோடு நோயாளிக்குக் கொடுத்துவிட மாட்டோம். விரலில் தேய்த்தால் ரேகையில் படிகிறதா, தண்ணீரில் தூவினால் மிதக்கிறதா, பளபளப்பு போய்விட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒரு சோதனையில் தேறினால் போதாது. ஜீனைத் திருத்துகிறவர்களுக்கும் இதே நியாயம்தான்!

எதைத் திருத்துகிறார்கள்?

நம் ரத்தச் சிவப்பணுவில் ஹீமோகுளோபின் இருக்கிறது. அதைச் செய்வதற்கான குறிப்பு ஜீனில் எழுதியிருக்கிறது. அந்தக் குறிப்பில் பிழை இருந்தால் தாலசீமியா வரலாம். அரிவாள் செல் சோகையும் வரலாம். அரிவாள் செல் சோகை நமக்கு அந்நியம் அல்ல. இந்தியாவில் அது முதலில் அறியப்பட்டதே 1952ல், நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான்.

தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு வேறொரு ஹீமோகுளோபின் சுரக்கிறது. பிறந்த சில மாதங்களில் அது அடங்கிவிடும். அந்தப் பழைய ஹீமோகுளோபினை மறுபடி சுரக்க வைத்தால் இரண்டு நோய்களுக்குமே நிவாரணம். இதற்காக நோயாளியின் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, 'கிறிஸ்பர்' என்னும் மூலக்கூறுக் கத்தரியால் டி.என்.ஏ.வில் குறித்த இடத்தை வெட்டுகிறார்கள். இந்தக் கத்தரிக்காகத்தான் இம்மானுவேல் ஷார்பென்டியே, ஜெனிஃபர் டௌட்னா இருவருக்கும் 2020ல் நோபல் பரிசு கிடைத்தது.

எப்படி எண்ணுகிறார்கள்?

கத்தரியை உள்ளே அனுப்பியாகிவிட்டது. லட்சக்கணக்கான செல்கள். எத்தனையில் வேலை நடந்தது? கண்ணால் பார்க்க முடியாது. இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு சிட்டிகை செல்களை எடுத்து உடைத்து, டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். திருத்த வேண்டிய இடத்தை மட்டும் பி.சி.ஆர். கருவியில் பல கோடிப் பிரதிகள் எடுக்கிறார்கள். கொரோனா காலத்தில் நமக்கெல்லாம் பழக்கமான அதே பி.சி.ஆர்.தான்!

அதற்கு மேல் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, மலிவான வழி. திருத்திய இழையையும் திருத்தாத இழையையும் சூடாக்கி ஆற விடுவார்கள். பொருந்தாத இழைகள் ஜோடி சேர்ந்தால், தப்பான காஜாவில் பட்டன் போட்ட சட்டை மாதிரி அங்கே புடைத்துக்கொள்ளும். 'டி7' என்ற என்சைம் அந்தப் புடைப்பைத் தேடி வெட்டும். துண்டுகளை ஜெல்லில் ஓட விடுவார்கள். வீட்டில் சைனா கிராஸ் போட்டு இனிப்பு செய்கிறோமே, அதே கடற்பாசி வகைப் பொருளில் செய்த ஜெல்தான். அதில் கோடுகள் தெரியும். கோட்டின் பிரகாசத்தைப் பார்த்து 'இத்தனை சதவீதம்' என்று சொல்வார்கள். உத்தேசக் கணக்குதான். ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் பல சமயம் பிடிபடாது.

இரண்டாவது, டி.என்.ஏ.வின் எழுத்துகளையே வரைபடமாக எடுப்பது. திருத்தியதும் திருத்தாததும் கலந்திருப்பதால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது போல் குழம்பிக் கிடக்கும். கம்ப்யூட்டர் அதைப் பிரித்துக் கணக்குச் சொல்லும்.

மூன்றாவது, ஆயிரக்கணக்கான பிரதிகளை ஒவ்வொன்றாக, எழுத்து எழுத்தாகப் படித்து எண்ணுவது. செலவு அதிகம், நம்பிக்கையும் அதிகம்.

கணக்கில் விழும் ஓட்டைகள்

பத்து வீடுகள். வீட்டுக்கு இரண்டு ஜன்னல். மொத்தம் இருபதில் பத்து ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. ஐம்பது சதவீதம்! சரி, எல்லா வீட்டிலும் ஒவ்வொரு ஜன்னலா? அல்லது ஐந்து வீட்டில் இரண்டும் அடித்து, மற்ற ஐந்தை விட்டுவிட்டார்களா? ஒவ்வொரு செல்லிலும் இந்த ஜீன் இரண்டு பிரதிகள். 'ஐம்பது' என்ற எண் மட்டும் இதைச் சொல்லாது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பழைய ஹீமோகுளோபினுக்கான ஜீன் நமக்கு அடுத்தடுத்து இரண்டாக இருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. கத்தரி இரண்டையும் ஒரே சமயத்தில் வெட்டிவிட்டால், நடுவில் உள்ள சுமார் 4,900 எழுத்துகள் அப்படியே உதிர்ந்து போகலாம். போன துண்டை பி.சி.ஆர். காட்டுமா? காட்டாது. இருப்பதைத்தானே அது பிரதி எடுக்கும்! சதவீதம் அழகாக வரும். இழப்பு கணக்கில் வராது. அதைத் தனியாகத் தேடித்தான் அளக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நம் வேலூர் வருகிறது. சி.எம்.சி. வளாகத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே மோகன்குமார் முருகேசன் தலைமையிலான குழு 2022ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அவர்கள் இரண்டு இழையையும் துண்டிக்கவில்லை. 'பேஸ் எடிட்டிங்' முறையில், ரப்பரால் அழித்துப் பென்சிலால் எழுதுவது போல ஓர் எழுத்தை மட்டும் மாற்றினார்கள். பெரிய துண்டு உதிரும் ஆபத்தைத் தவிர்ப்பது இதன் நோக்கம். அந்த ஜீனின் முன்பகுதி முழுவதையும் இடம் இடமாகத் திருத்திப் பார்த்து, 123, 124 என்ற எண்ணுள்ள இரண்டு இடங்களைக் கண்டுபிடித்தார்கள். அங்கே மாற்றினால் பழைய ஹீமோகுளோபின் நன்றாக ஏறியது. எழுத்து மாறியதை மட்டும் எண்ணிவிட்டு அவர்கள் நிறுத்தவில்லை. மனித ஸ்டெம் செல்லிலிருந்து சிவப்பணுக்களை வளர்த்து, ஹீமோகுளோபின் ஏறியதா என்றும் அளந்தார்கள். ரேகையில் படிந்தது மட்டுமல்ல, தண்ணீரிலும் மிதந்தது!

ஆனாலும் இது சோதனைச்சாலை ஆய்வு. வார்டில் கிடைக்கும் சிகிச்சை அல்ல.

செல் கணக்கும் ஆள் கணக்கும்

வார்டுக்கு வந்த சிகிச்சை ஒன்று உண்டு. பெயர் 'காஸ்கெவி'. 2023 நவம்பரில் பிரிட்டனிலும், அடுத்த மாதம் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. முதல் இரண்டு நோயாளிகளுக்கு ஏற்றிய செல்களில் திருத்தம் ஏறத்தாழ 69 சதவீதம், 83 சதவீதம். ஒருவர் தாலசீமியாக்காரர், இன்னொருவர் அரிவாள் செல் சோகைக்காரர். இது செல் கணக்கு.

ஆள் கணக்கு என்ன? 2024ல் வெளியான முடிவுகளின்படி, தாலசீமியாவில் 35 பேரில் 32 பேர் ஓராண்டுக்குக் குறையாமல் ரத்தம் ஏற்றாமலே இருந்தார்கள். அரிவாள் செல் சோகையில் 30 பேரில் 29 பேருக்கு ஓராண்டாவது கடும் வலித் தாக்குதல் வரவில்லை. பார்த்தீர்களா, ஆள் கணக்கு செல் கணக்கைவிட அதிகம்! காரணம், எல்லா செல்லும் திருந்த வேண்டியதில்லை. திருந்திய செல்லில் பிறக்கும் சிவப்பணு அதிக நாள் வாழும். ரத்தத்தில் அதன் பங்கு கூடிவிடும்.

இதே கணக்கு தலைகீழாகவும் போகலாம். குடுவையில் மூன்றாம் நாள் எண்பது காட்டிய செல்கள், உடம்பில் ஆறு மாதம் கழித்துக் குறைந்துபோகலாம். நீடித்து வாழும் மூல செல்கள் திருந்தாமல், சீக்கிரம் மடியும் செல்கள் மட்டும் திருந்தியிருந்தால் அப்படித்தான் ஆகும். ஆகவே, எப்போது எண்ணினார்கள் என்பதும் முக்கியம்.

விலை? அமெரிக்காவில் 22 லட்சம் டாலர். செல்களைத் திருப்பி ஏற்றுவதற்கு முன் கடுமையான கீமோதெரபி கொடுத்து எலும்பு மஜ்ஜையைக் காலி செய்வார்கள். பிற்காலத்தில் குழந்தை பிறப்பதைக்கூட அது பாதிக்கலாம். 2023-24ல் கிடைத்த அனுமதியும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். நம் நாட்டிலும் முயற்சி நடக்கிறது. டெல்லியில் உள்ள ஐ.ஜி.ஐ.பி. ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அரிவாள் செல் சோகை சிகிச்சை, 'பிர்சா 101' என்ற பெயரில் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது.

இந்த ஐந்தைக் கேளுங்கள்

சதவீதம் எழுதிய செய்தியோ விளம்பரமோ கைக்கு வந்தால்:

1. எதில் இத்தனை சதவீதம்? ஜீன் பிரதியிலா, செல்லிலா, ஆளிலா?
2. எப்போது எண்ணியது? குடுவையிலா, உடம்பில் பல மாதம் கழித்தா?
3. எழுத்து மாறியதா, அல்லது ஹீமோகுளோபினும் ஏறியதா?
4. வேறு இடத்தில் தவறாக வெட்டியதையும், துண்டு உதிர்ந்ததையும் தேடிப் பார்த்தார்களா?
5. மொத்தம் எத்தனை நோயாளிகள்? எத்தனை வருடம் கவனித்தார்கள்?

பதில் சொல்லாமல் மழுப்பினால், பர்ஸைத் திறக்காதீர்கள்!

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "இப்போ ஃப்ளாட்டை விக்க வேண்டாம்மா. பேரனுக்குக் கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?" என்றேன். ஒரு தங்கை இருக்கிறாளாம். "முதல்ல அவளுக்கு எச்.எல்.ஏ. பொருத்தம் பாருங்க. பொருந்தினா எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைப் பத்திப் பேசலாம். வேலூர்ல 1986லேர்ந்து செய்யறாங்க" என்றேன்.

புறப்படும்போது தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "ரத்தம் ஊறும்னு பக்கத்து வீட்டுல கொடுத்தாங்க... குடுக்கலாமா?"

அயச்செந்தூரம்!

நல்ல மருந்துதான். இரும்புச் சத்துக் குறைவால் சோகை வந்தவர்களுக்கு நானே எழுதித் தருகிறேன். ஆனால் தாலசீமியாக் குழந்தைக்கு ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தத்தோடும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை. இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதை எடுக்கத்தான் தினமும் மாத்திரை கொடுக்கிறார்கள். அதன் மேல் இன்னும் இரும்பா? இப்படிப்பட்ட குழந்தைக்கு, ரத்தநோய் டாக்டரைக் கேட்காமல் செந்தூரமோ டானிக்கோ எதுவும் கொடுக்காதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

டப்பாவை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் போன் வந்தது. தங்கைக்கு ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்களாம். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறோம்.